பெட்டிக்கும் இருக்கைக்கும் ஒரே ஆர்டர்: என்.டி.சி.யில் டிக்கெட் போடுவது எப்படி?

எழும்பூரில் டிக்கெட் போடும் வேலையில் எனக்கு இது 22-ஆவது ஆண்டு. கட்டளைத் திரையிலேயே பழகிய கை. தேதி, சென்னை, ஃபிராங்ஃபர்ட் என ஒரே வரியில் தட்டினால் விமானங்கள் வரிசையாக வந்து நிற்கும். எதிரே ஒய்9, பி9, எம்4 என்று இருக்கும். எம் என்ற கட்டண வகுப்பில் நான்கு இருக்கைகள் கிடைக்கும் என்பது பொருள். அதோடு எத்தனை பெட்டி, தேதியை மாற்றலாமா என்று அறிய வேறு கட்டளைகள் போட வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மகளின் பிரசவத்துக்குப் புறப்பட்ட ஓர் அம்மாவுக்குக் கூடுதல் பெட்டிக்குப் பணம் கட்டினேன். அது தனி ஆவணமாகப் பதிவாகி, டிக்கெட்டோடு இணையாமல் நின்றது. விமான நிலையத்தில் அந்தப் பெட்டியை ஏற்கவில்லை. பிரசவ லேகியமும் நார்த்தங்காய் ஊறுகாயும் வீட்டுக்கே திரும்பின. அந்த வாரமே என்.டி.சி. படிக்க உட்கார்ந்தேன்.

இது உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா 2012-இல் முன்வைத்த தரநிலை; விமான நிறுவனமும் முகவரும் தகவல் பரிமாறிக்கொள்ளும் முறையை வகுப்பது. எடிஃபாக்ட் என்ற பழைய தகவல் பரிமாற்ற முறையில் கட்டணம் ஓரிடத்திலும் இருக்கை நிலவரம் வேறிடத்திலும் இருக்கும். இரண்டையும் கோத்து நமக்குக் காட்டுவது ஜி.டி.எஸ்., அதாவது முகவர்களின் கணினி முன்பதிவு வலையமைப்பு. வகுப்புகளோ ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்குள் அடங்கியவை. ஒரு எழுத்து விற்றுத் தீர்ந்தால் விலை அடுத்த படிக்குத் தாவும். புதிய முறையில் விமான நிறுவனமே பெட்டி, இருக்கை, தேதி மாற்றக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு சலுகையாக, அதாவது விலை சொன்ன ஒரு தொகுப்பாகத் தருகிறது. இரண்டு படிகளுக்கு நடுவே ஒரு விலையும் சொல்ல முடிகிறது. இதற்கு மாறுவதைத் தள்ளிப்போடுவதால் முகவர்களான நமக்குத்தான் நட்டம். லுஃப்தான்சா குழுமம் 2015 செப்டம்பரிலேயே ஜி.டி.எஸ். வழி டிக்கெட்டுக்கு 16 யூரோ கூடுதலாக வாங்கத் தொடங்கிவிட்டது.

முதலில் வழியைத் தேர்ந்தெடுங்கள்: உங்கள் ஜி.டி.எஸ்., விமான நிறுவனத்தின் முகவர் தளம், அல்லது கன்சாலிடேட்டர் (சிறு முகவர்களுக்கு டிக்கெட் எடுத்துத் தரும் மொத்த முகவர்). யாரானாலும் ஒப்பந்தத்துக்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. தேதி மாற்றம், ரத்து, ரீஃபண்டு ஆகியவற்றைத் திரையிலேயே செய்யலாமா, அல்லது மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா? விற்பதை மட்டும் காட்டிவிட்டு இதற்கு மழுப்புகிறவர்களிடம் போகாதீர்கள்.

தேடலில் வரும் முதல் விலையை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு சலுகைக்கும் ஆயுள் உண்டு. சில நேரம் சில நிமிடங்கள்தான். சலுகையைத் திறந்து பெட்டியின் எடை, எண்ணிக்கை, தேதி மாற்றக் கட்டணம் மூன்றையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் தலையசைத்த பிறகு விலையை மீண்டும் ஒருமுறை உறுதி செய்யுங்கள். மாறியிருந்தால் அப்போதே சொல்லிவிடலாம்.

கூடுதல் பெட்டி, இருக்கை, உணவு எல்லாவற்றையும் பணம் கட்டுவதற்கு முன் அதே ஆர்டரில், அதாவது விமான நிறுவனத்திடம் உள்ள அந்த ஒரே முன்பதிவுப் பதிவில், சேர்த்துவிடுங்கள். அந்த அம்மாவின் பெட்டி திரும்பியது இந்த இணைப்பு இல்லாததால்தான். பெயரைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டுங்கள். அப்பா பெயரையே குடும்பப் பெயராகப் போடும் நம் ஊரில் தவறு நேர்வது அங்கேதான். தொலைபேசி எண் பயணியுடையதாக இருக்கட்டும். விமானம் தாமதமானால் நிறுவனம் நேரே அவருக்கே தகவல் சொல்ல முடியும்.

ஆர்டர் எண் வந்ததும் எழுந்துவிடாதீர்கள். பணம் கட்டாமல் நிறுத்தி வைத்த ஆர்டருக்கும் எண் வரும். 13 இலக்க டிக்கெட் எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்கு எதிரேயும் உறுதியானது என்று இருக்க வேண்டும்.

பிறகு எந்த மாற்றமானாலும் அந்த ஆர்டருக்குள் போய்த்தான் செய்ய வேண்டும். பழக்கத்தில் கட்டளைத் திரையில் கைவைத்தால் இரு பதிவுகளும் முரண்பட்டு நிற்கும். நேர மாற்ற அறிவிப்பு பழைய திரையின் அறிவிப்பு வரிசைக்கு வராமல் போகலாம். நான் தினமும் கடை அடைக்குமுன் அடுத்த பத்து நாள் ஆர்டர்களைத் திறந்து பார்க்கிறேன். பெரிய குழுப் பயணத்துக்கும் மூன்று நான்கு நிறுவனங்கள் மாறிப் போகும் பயணத்துக்கும் இப்போதும் பழைய திரையில்தான் டிக்கெட் போடுகிறேன்.