குரைக்கிற நாயை விட, அசையாமல் நிற்கிற நாயைக் கவனியுங்கள்

நடைக்குக் கூட்டிப் போகும்போது எதிரே இன்னொரு நாய் வந்தால் உங்கள் நாய் குரைத்து, எகிறி, கயிற்றை இழுக்கிறதா? உடனே ‘முரட்டு நாய்’ என்று முத்திரை குத்திவிடாதீர்கள். பெரும்பாலும் அது பயம். சில நாய்களுக்கு, ஓடிப்போய் மோந்து பார்க்க முடியவில்லையே என்ற தவிப்பு. கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாருங்கள். நீங்கள் நீட்டும் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டால் அந்தத் தூரம் அதற்குச் சரி. மறுத்தால் இன்னும் விலகுங்கள்.

எனக்குப் பயம் சத்தம் போடாத நாயிடம்தான். அது எலும்பு கடித்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் கிட்டே போகிறீர்கள். மெல்லுவது சட்டென்று நிற்கும். உடம்பு விறைக்கும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக உருட்டும், விழியின் வெள்ளை பிறை மாதிரி தெரியும். அங்கேயே நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். அடுத்து வருவது உறுமலாக இருக்கலாம், கடியாகவும் இருக்கலாம். வால் ஆடுகிறதே என்று நம்பவேண்டாம். விறைப்பாகத் தூக்கிய வால் படபடவென்று ஆடினால் அது கொஞ்சல் இல்லை. தூக்கம் வராதபோது விடும் கொட்டாவி, உதட்டை நக்குவது எல்லாம் இதற்கும் முந்தைய கட்டம். நம்மில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

உறுமினால் தயவுசெய்து அடிக்காதீர்கள். அடிபட்ட நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கலாம். சாதுவாக இருந்தது திடீரென்று சீறினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுவலியோ மூட்டுவலியோ இருக்கலாம். பயிற்சியாளரெல்லாம் அப்புறம்.