பண்டைச் சீனத் தொன்மங்களும் அரசுரிமையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘வானத்தின் ஆணை’ பெற்றவரே அரசர் என்னும் கருத்து சீன வரலாற்றின் தொடக்கம் முதலே நிலவியதாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். ஆனால் சோவ் மரபுக்கு முன் ஆண்ட ஷாங் அரச மரபின் மன்னர்கள் ஆமை ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் குறி கேட்டுப் பொறித்து வைத்தவற்றில் முன்னோர்களும் ‘தி’ என்னும் பெருந்தெய்வமுமே முன்னிற்கிறார்கள். வானத்தின் ஆணையைப் பேசியவர்கள், கி.மு. 1046 வாக்கில் ஷாங்கை வீழ்த்திய சோவ் அரசர்கள். பழைய அரச மரபை ஏன் அழித்தோம் என்பதற்கு அவர்கள் விடை சொல்ல வேண்டியிருந்தது. ‘தா யூ திங்’ என்னும் வெண்கலப் பாத்திரத்தில், சோவ் குடியின் வென் அரசர் அந்த ஆணையைப் பெற்றார் என்றும், ஷாங் அதிகாரிகள் மதுவில் மூழ்கியதே அந்த அரசின் வீழ்ச்சிக்குக் காரணம் என்றும் பொறித்திருக்கிறார்கள்.

இதை ஐரோப்பிய மன்னர்களின் தெய்வீக உரிமையோடு ஒன்றாக்குவதும் பிழை. வானம் தந்ததை வானமே திரும்பப் பெறலாம் என்பதால், அரியணையில் இருப்பவருக்கு உதவிய அதே கருத்து அவரை எதிர்த்தவருக்கும் உதவியது.

கதை நிகழ்வதாகச் சொல்லப்படும் காலத்தையும் கதை சொல்லப்பட்ட காலத்தையும் குழப்பிக்கொள்வதே எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். தொன்மங்கள் போற்றும் ஆதி அரசரான மஞ்சள் பேரரசர் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டில் ஆண்டதாக மரபு சொல்கிறது. ஆனால் அவரைக் குறிக்கும் மிகப் பழைய வெண்கலப் பொறிப்பு, கி.மு. நான்காம் நூற்றாண்டில் சோவ் காலத்து நாடுகளுள் ஒன்றான ச்சியை ஆண்ட வெய் அரசருடையது. அவருடைய தியான் குடி வெளியிலிருந்து வந்து, பழைய ஆளும் குடியை அகற்றி, கி.மு. 386இல்தான் சோவ் அரசரின் ஏற்பைப் பெற்றது. அப்படிப்பட்ட குடி மஞ்சள் பேரரசரைத் தன் மூதாதை என்று உரிமை கொண்டாடியதன் தேவையை, அந்த ஆண்டுகளைத் தெரிந்துகொண்டால்தான் உணர முடியும். பிற்கால நூல்களில்தான் மேலும் பழமையான அரசர்கள் தோன்றுகிறார்கள் என்று 1923இல் சீன வரலாற்றாசிரியர் கு ஜியேகாங் சுட்டிக்காட்டியதை இத்துறையில் நுழைபவர் மறக்கக் கூடாது.

அதற்காக இத்தகைய கதைகளை அரண்மனைப் பொய்கள் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. ஹான் பேரரசை நிறுவிய லியூ பாங் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். சொல்லிக்கொள்ள உயர்குல மரபு எதுவும் அவருக்கு இல்லை. அவர் வழியில் ஒரு பாம்பை வெட்டினார் என்றும், ‘பாம்பு வடிவில் இருந்த, வெள்ளைப் பேரரசரின் மகனான என் பிள்ளையைச் சிவப்புப் பேரரசரின் மகன் கொன்றுவிட்டான்’ என்று ஒரு மூதாட்டி அழுதாள் என்றும் ஹான் கால வரலாற்றாசிரியர் சிமா சியான் பதிவு செய்திருக்கிறார். வெள்ளைப் பேரரசர், லியூ பாங் எதிர்த்தெழுந்த சின் அரசு தலைமுறைகளாகப் பலியிட்டு வழிபட்ட தெய்வம் என்பதைக் கேட்டவர்கள் அறிந்திருந்தார்கள். யாருடைய ஆட்சி முடிகிறது என்பதை அவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.