ஊசியின்போது பச்சிளங்குழந்தையின் வலியைக் குறைக்கும் முறை

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளிலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனைகளிலும் சேர்க்கப்படும் குறைமாதக் குழந்தைகளுக்கு, குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பதும் டிரிப்ஸ் ஊசி ஏற்றுவதும் திரும்பத் திரும்ப நேரும். பச்சிளங்குழந்தை வலியை முழுமையாக உணராது என்று 1980கள் வரை மருத்துவர்கள் பலரே கருதினர். 1987இல் மருத்துவர் ஆனந்தும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வுகள் அக்கருத்தை ஆட்டங்காணச் செய்தன. ஆயினும், ஊசி போடும்போது தாயை வெளியே நிற்கச் சொல்லும் வழக்கம் இன்னும் பல இடங்களில் உள்ளது. வலியைத் தணிக்கக்கூடியவரையே அப்புறப்படுத்தும் இவ்வழக்கம் மாற வேண்டும். உடனிருக்க அனுமதி கேட்கத் தாய் தயங்க வேண்டியதில்லை.

வாய்வழிப் பால் குடிக்கும் குழந்தையாயின், ஊசிக்குச் சில நிமிடங்கள் முன்பே மார்பில் அணைத்துப் பாலூட்டத் தொடங்கி, குழந்தை நன்றாகக் கவ்வி உறிஞ்சத் தொடங்கியபின் ஊசி போடச் சொல்லி, முடியும்வரை பாலூட்டலைத் தொடர வேண்டும். அது இயலாதபோது, மருத்துவர் ஒப்புதலுடன் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு கங்காரு முறையில் முன்கூட்டியே அணைத்து வைக்கலாம். வார்மரிலிருந்து (குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் கருவி) எடுக்க இயலாத குழந்தைக்கு, கைகளைக் கழுவிவிட்டு, ஒரு கையால் தலையையும் மறு கையால் மடக்கிய கால்களையும் கருப்பையில் இருந்தவாறு மென்மையாகப் பிடித்திருத்தல் நன்று. தந்தையும் இதைச் செய்யலாம்.

பிறந்த குழந்தையின் நாவில் சீனித் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் ‘சேனை’ வழக்கமுள்ள நம் பகுதியில் ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். ஊசிக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்கு முன் செவிலியர் நாவில் விடும் 24 விழுக்காட்டுச் சீனிக் கரைசல், தூய்மையாகத் தயாரித்து மிகச் சிறிய அளவில் அளந்து தரப்படுவது. வீட்டில் கரைத்த சீனித் தண்ணீரோ தேனோ அதற்கு ஈடாகாது, தொற்றையே கொண்டுவரக்கூடும்.

குதிகால் குத்தலின் வலிக்குப் பாராசிட்டமால் பயன் தருவதில்லை. நிறைமாதக் குழந்தைக்கு, தேர்ந்த கைகள் சிரையிலிருந்து (இரத்தக் குழாய்) இரத்தம் எடுப்பது குதிகாலில் குத்துவதைவிட வலி குறைந்தது. ஒரே நாளில் தேவைப்படும் பரிசோதனைகளை ஒரே முறை எடுத்த இரத்தத்தில் செய்ய இயலுமா என்றும் கேளுங்கள். ஊசி நகராதிருக்கத் தோலில் ஒட்டிய டேப்பை ஈரப் பஞ்சால் நனைத்த பின்னரே உரிக்க வேண்டும்.

புருவம் சுருங்குதல், கண்களை இறுக மூடுதல், நாடித்துடிப்பு உயர்தல் ஆகியவை வலியின் அடையாளங்கள். மிகவும் குறைமாதக் குழந்தை அழாமலேயே வலியில் இருக்கக்கூடும் என்பதால், அழவில்லை என்று விட்டுவிடலாகாது.

34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைக்கு 30 நாட்களுக்குள் செய்ய வேண்டிய விழித்திரைப் பரிசோதனையும் வலி தருவதே. அதற்கு மரத்துப்போகச் செய்யும் கண் சொட்டு மருந்துடன், துணியால் சுற்றிப் பிடித்தலும் சீனிக் கரைசலும் உதவும். வாந்தி வராதிருக்க, பரிசோதனைக்குச் சற்று முன்பாகப் பாலூட்டாமல், முடிந்தபின் மருத்துவர் சொல்லும் நேரத்தில் ஊட்ட வேண்டும்.