அல்சூர் ஏரியை ஃபாவ் பாணியில் வரைய

பிரான்சின் கொலியூர் கடற்கரையில் 1905 கோடையில் ஓவியர்கள் மத்தீஸும் தெரெய்னும் வரைந்த நிலக்காட்சிகளில் மரத்தண்டு சிவப்பாக நிற்கும், நிழல் நீலமாக விழும். கண்ணில் படும் நிறத்தை விட்டு, இப்படி அழுத்தமான நிறங்களில் வரைவதுதான் ஃபாவ் பாணி. கைக்கு வந்த நிறத்தைப் பூசியதுபோல் தோன்றும், அப்படியில்லை. நிறம் எதுவானாலும் சரி, எது வெளிச்சம், எது இருட்டு என்ற கணக்கு பிசகக் கூடாது.

12-க்கு 16 அங்குல கேன்வாஸ் போர்டு, 8, 12 எண் தட்டைத் தூரிகைகள் போதும். அக்ரிலிக்கில் லெமன் மஞ்சள், ஆரஞ்சு, காட்மியம் சிவப்பு, மெஜந்தா, அல்ட்ராமரைன் நீலம், விரிடியன் பச்சை, வெள்ளை. கறுப்பு டியூப் வீட்டிலேயே இருக்கட்டும்.

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் நின்றால் வானம், தீவின் மரக்கூட்டம், தண்ணீர் என்று மூன்றே பெரிய வடிவங்கள். படகையும் எதிர்க்கரைக் கட்டடங்களையும் விட்டுவிடுங்கள். காட்சியைச் செல்போனில் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். கோடு போட நீர்த்த மெஜந்தா. பென்சில் என்றால் தீற்றல்களுக்கு நடுவே விடும் இடைவெளிகளில் அழுக்காகத் தெரியும்.

இருட்டிலிருந்து தொடங்குங்கள். மரத்தின் நிழல் பக்கம் அல்ட்ராமரைனில் கொஞ்சம் மெஜந்தா, வெயில் பக்கம் ஆரஞ்சு. வானத்துக்கு வெள்ளை கலந்த மஞ்சள். தண்ணீர் அதைவிட ஒரு படி இருண்ட இளஞ்சிவப்பு. மரத்தின் பிரதிபலிப்பு மட்டும் விரிடியன். கட்டைவிரல் நகத்தளவு தடித்த தீற்றல்கள், நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெள்ளைப் போர்டு தெரியட்டும். ஈரத்தில் சிவப்பும் பச்சையும் முட்டினால் பழுப்புச் சேறுதான் மிஞ்சும்; காய்ந்த பிறகும், இரண்டும் ஒரே அளவு இருட்டாக இருந்தால் விளிம்பு கண்ணைப் பறிக்கும். அந்த இடைவெளி இரண்டையும் தடுக்கும்.

ஒரு கலவைக்கு இரண்டு டியூபும் வெள்ளையும், அவ்வளவுதான். சிவப்பை வெளுக்க வெள்ளை சேர்த்தால் சூடு இறங்கி ரோஸாகிவிடும், ஆரஞ்சு சேருங்கள். பெங்களூரு மார்ச், ஏப்ரல் வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே தோல் கட்டும். ஈர டிஷ்யூவின் மேல் பட்டர் பேப்பர் விரித்து அதில் கலக்குங்கள். காய்ந்தால் நிறம் சற்று இருளும், அதையும் கணக்கில் வையுங்கள்.

படம் முழுக்க டியூப் நிறமே கத்தினால் கண் எங்கும் நிற்காது. வானத்தையாவது வெளிறிய நிலையில் விடுங்கள். முடித்ததும் மறுபடி கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பாருங்கள். மரமும் தண்ணீரும் ஒன்றாகக் கலந்திருந்தால் நிறத்தை மாற்றிப் பயனில்லை. தண்ணீரை ஒரு படி வெளுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு மேலே பூசுங்கள், அரைகுறை ஈரத்தில் தேய்த்தால் அடிப்பூச்சு உரிந்து வரும்.