டெல்டாவில் ரத்தக் காட்டேரிக் கதை எழுத: சிலுவை, திருநீறு, வாய்க்கால், நிலைப்படி

முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள். வாம்பயரை நாம் ரத்தக் காட்டேரி என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் காட்டேரி பல குடும்பங்களில் படையல் போட்டுக் கும்பிடும் சாமி. அந்தப் பெயரை வில்லனுக்கு வைத்தால் யாரோ ஒருவர் வீட்டு தெய்வத்தைக் கதையில் கொல்கிறீர்கள். ஊர்க்காரர்கள் அதை ‘அது’ என்று மட்டும் சொல்லட்டும்; பயமும் கூடும்.

அடுத்து, புனிதப் பொருளின் சக்தி எங்கே இருக்கிறது என்று முதல் வரி எழுதும் முன்பே முடிவெடுங்கள். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வில் (1897) சக்தி பொருளிலேயே இருக்கிறது. டிராகுலாவின் கோட்டைக்குப் போகும் ஹார்க்கருக்குச் சிலுவை மேல் பெரிய பற்று இல்லை, ஆனாலும் அது அவனைக் காக்கிறது. ரிச்சர்ட் மாத்திசனின் ‘ஐ ஆம் லெஜண்ட்’ (1954) வேறு வழியில் போகிறது: உயிரோடிருந்தபோது யூதராக இருந்த வாம்பயரைச் சிலுவை ஒன்றும் செய்யாது. அது தன் பழைய நம்பிக்கைக்குத்தான் அஞ்சும்.

டெல்டாவுக்கு இந்த இரண்டாவது விதிதான் பொருந்தும். இங்கே ஒரே சாமி அலமாரியில் வைத்தீஸ்வரன்கோவில் திருச்சாந்துருண்டை, வேளாங்கண்ணி மாதா படம், நாகூர் தர்காவில் மந்திரித்த கயிறு மூன்றும் இருக்கும். மூன்றில் எதற்கு அது பின்வாங்குகிறது என்பதே துப்பு. உயிரோடிருந்தபோது அது யார் என்று ஊர் அதை வைத்துக் கண்டுபிடிக்கும். மூன்றையும் ஒரே காட்சியில் நீட்டிவிட்டால் துப்பு போச்சு. காட்சிக்கு ஒன்று போதும்.

பொருளின் பலவீனத்தையும் எழுதுங்கள். நெற்றித் திருநீறு ஐப்பசி மழையில் கரைந்துவிடும். வாசலில் செருகிய வேப்பிலை வெயிலில் மறுநாளே சுருளும். கயிறு நைந்து அறும். பூண்டை விட்டுவிடுங்கள், தினம் ரசத்தில் தட்டிப்போடும் ஊரில் அது வேலை செய்தால் கதையே நடக்காது. அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: தரங்கம்பாடி லுத்தரன் (சீர்திருத்தக் கிறிஸ்தவர்) வீட்டுச் சுவரில் ஜெபமாலையைத் தொங்கவிடுவது. ஜெபமாலை கத்தோலிக்க வீட்டுக்குரியது. நற்கருணையை (பூசையில் தரும் அப்பத்தை) ஆயுதமாக்க வேண்டாம், நம் கத்தோலிக்க வாசகரை அது நோகடிக்கும். மந்திரித்த தீர்த்தம் போதும்.

இனி தண்ணீர். ஓடும் நீரை டிராகுலாவால் நினைத்தபோது கடக்க முடியாது. கடல் ஏற்றத்திலோ, ஏறாமல் இறங்காமல் நிற்கும் நேரத்திலோதான் முடியும். இந்த ஒரு விதி போதும், டெல்டாவே உங்கள் கதைக்களம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். கோடையில் ஆறு மணலாகக் கிடக்கும், அது இஷ்டத்துக்குத் திரியும். கல்லணையில் தண்ணீர் பிரித்துவிட்டதும் வெண்ணாற்றுக்கும் வெட்டாற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அது மாட்டிய கரையில் எந்த ஊர் இருக்கிறது என்பதைக் காகிதத்தில் வரைந்து வையுங்கள். முறைப் பாசனம் வைத்து வாய்க்காலை அடைத்த நாட்கள்தான் உங்கள் ஆபத்தான அத்தியாயங்கள். கடைமடைக்குத் தண்ணீர் தாமதமாக வரும். முகத்துவாரத்தில் கடல் ஏற்றமும் உண்டு. அது தப்பிக்கும் வழியை அங்கே வையுங்கள்.

நிலைப்படி விதி இதைவிடக் கூர்மையானது. வீட்டார் அழைக்காமல் அது முதல்முறை உள்ளே வர முடியாது. ஆனால் நம் ஊரில் வாசலில் நிழல் தட்டினாலே, அரிசி புடைக்கும் அப்பாயி தலை நிமிராமல், “யாரு? உள்ள வாப்பா” என்பாள். முறம் நிற்காது. அழைப்பு முடிந்தது. கிளம்பும்போது அது “வர்றேன்” என்னும், வீட்டார் “போயிட்டு வாங்க” என்பார்கள். ஒவ்வொரு முறையும் அழைப்பு புதுப்பிக்கப்படும் என்று உங்கள் கதைக்கு ஒரு விதி சேர்த்தால், அழிப்பதற்கு முன் வீட்டார் அந்த ஒரு வார்த்தையை நிறுத்தப் பழக வேண்டும். அதற்கே ஒரு அத்தியாயம் எடுக்கும்.

முடிவுக்குத் திருவிடைமருதூர் இருக்கிறது. வரகுண பாண்டியனைத் துரத்திய பிரம்மஹத்தி (பிராமணனைக் கொன்ற பாவம்) கோவிலுக்குள் நுழைய முடியாமல் கிழக்கு வாசலிலேயே நின்றுவிட்டது. அவன் மேற்கு வாசல் வழியாக வெளியேறினான் என்பது தலபுராணம். கிழக்கே நுழைந்தவர்கள் அந்த வழியே திரும்பாத வழக்கம் இன்றும் உண்டு. நெஞ்சில் ஆணி அடிக்கும் காட்சியைவிட இது நமக்கு நெருக்கம். உங்கள் கதாநாயகனும் வாசலில் அதை நிற்கவிட்டுக் கொல்லைப்புறமாகப் போகட்டும். அந்தக் கொல்லைக் கதவை மட்டும் முதல் அத்தியாயத்திலேயே, யாராவது சாம்பல் கொட்டப் போகும்போது, திறந்து காட்டிவிடுங்கள்.