வளரும் நாடுகளின் அடுத்த ஆண்டு: கணிப்புகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டு முடியப் போகிறது என்றால் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்), உலக வங்கி, தரகு நிறுவனங்கள் என்று ஆளாளுக்குக் கணிப்பு வெளியிடுவார்கள். நாம் நேராக ஜி.டி.பி. (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு) எத்தனை சதவீதம் வளரும் என்ற இடத்துக்குப் போய்விடுகிறோம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

2021இல் இலங்கைப் பொருளாதாரம் 3 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. 2022 ஏப்ரலிலோ, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது. ஆபத்து தெரிந்த இடம் டாலர் கையிருப்பு. அதிலும் ஒரு சூட்சுமம். 2021 முடிவில் கையிருப்பு சுமார் 310 கோடி டாலர் என்று கணக்கு காட்டினார்கள். அதில் ஏறக்குறையப் பாதி, சீன மத்திய வங்கியுடன் செய்துகொண்ட யுவான் (சீன நாணயம்) பரிமாற்ற ஏற்பாட்டில் கிடைத்த பணம். மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்பது நிபந்தனை. அவ்வளவு இருந்தால் அதைத் தொடவே வேண்டியதில்லையே! 2022 மே மாதம், செலவழிக்கக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலர்கூட இல்லை என்று நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆகவே மொத்தத் தொகையோடு நிறுத்தாமல், உண்மையில் எடுக்க முடிவது எவ்வளவு, பன்னிரண்டு மாதத்துக்குள் கட்ட வேண்டிய டாலர் கடன் எவ்வளவு என்று தேடுங்கள்.

அடுத்தது தேர்தல். ஆளுங்கட்சி ஜெயித்தால் சந்தை ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவது. 2024 ஜூன் முதல் வாரத்தில் மெக்சிகோவிலும் இந்தியாவிலும் ஆளுந்தரப்பே ஜெயித்தது. இரண்டு இடத்திலும் சந்தை சரிந்தது. காரணங்கள்தான் நேரெதிர். மெக்சிகோவில் அதிபர் தேர்தலில் ஜெயித்த கிளாடியா ஷெயின்பாமின் கூட்டணி அரசியலமைப்பையே திருத்தும் பெரும்பான்மையை நெருங்கிவிட்டது, நீதித்துறையில் கைவைப்பார்கள் என்று அந்நாட்டு நாணயமான பெசோவும் விழுந்தது. இங்கே பா.ஜ.க. தனிப்பெரும்பான்மை கிடைக்காமல் 240 இடங்களோடு நின்றுவிட்டது என்று சென்செக்ஸ் ஒரே நாளில் கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. சென்செக்ஸ் அந்த வாரத்துக்குள்ளேயே எழுந்துவிட்டது. பெசோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அஞ்சியபடியே செப்டம்பரில் நீதித்துறைத் திருத்தம் நிறைவேறியது. யார் ஜெயிப்பார் என்று மட்டும் சொல்லும் கணிப்பு பாதிக் கணிப்புதான்.

எல்லா நாடுகளையும் ஒரே மூட்டையில் கட்டுவதும் வேண்டாம். கச்சா எண்ணெய் விலை ஏறினால் இந்தியாவுக்கும் துருக்கிக்கும் செலவு, சவூதிக்கு வரவு.

உள்நாட்டுச் செய்தியை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. 2013 மே மாதம் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் அப்போதைய தலைவர் பெர்னாங்கி, சந்தையில் பணம் புழங்க வங்கி செய்துவந்த பத்திரக் கொள்முதலைக் குறைக்கலாம் என்று கோடிகாட்டினார். முதலீட்டாளர்கள் வளரும் நாடுகளிலிருந்து பணத்தை எடுக்க, ரூபாய் சரிந்து, ஆகஸ்டில் ஒரு டாலர் 68 ரூபாயைத் தாண்டியது.