கணவன் மனைவி ஸ்பொன்சர்: கனடா பி.ஆர். விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில் இருந்து கணவரையோ மனைவியையோ ஸ்பொன்சர் செய்வதற்கு, இவ்வளவு சம்பளம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பொதுவாகக் கிடையாது. புள்ளிக் கணக்கு கிடையாது. ஆங்கிலப் பரீட்சையும் கிடையாது. அம்மா அப்பாவைக் கூப்பிடப் படும் பாட்டோடு பார்த்தால் இது எவ்வளவோ சுலபம். அப்படியிருந்தும் உண்மையான கலியாணங்களே மறுக்கப்படுகின்றன. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இப்போது எழுதியது முன்பு எழுதியதோடு ஒத்துப்போகவில்லை.

விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு உங்களைத் தெரியாது. ஆனால் நீங்கள் கனடா அரசுக்கு இதுவரை கொடுத்த தாள்கள் அவர் கைக்கு எட்டும். மனைவி முன்பு விசிட்டர் விசா கேட்டு மறுக்கப்பட்ட படிவம், கணவர் அகதிக் கோரிக்கையில் எழுதிய கதை, பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) ஆகி இறங்கிய நாளில் 'திருமணமாகவில்லை' என்று போட்ட கையெழுத்து, எல்லாம் அங்கே இருக்கும். ஆகவே புதுப் படிவத்தைத் திறப்பதற்கு முன் பழைய விண்ணப்பங்களின் பிரதிகளை எடுத்து இருவரும் வாசிக்க வேண்டும். பிரதி இல்லையென்றால் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டிக் கோப்பைக் கேட்கலாம். பழையதில் பிழை இருந்தால் அதையே திரும்ப எழுதி ஒப்பேற்றக் கூடாது. சத்தமில்லாமல் மாற்றி எழுதவும் கூடாது. சரியானதை எழுதி, முன்பு ஏன் வேறாக எழுதப்பட்டது என்று ஒரு கடிதம் வைக்க வேண்டும். குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு பொய்த் தகவலுக்கு 5 வருடத் தடை விதிக்கிறது. 2014 வரை அது 2 வருடமாக இருந்தது.

எழுத்து எப்போது, தாலி எப்போது

நம்மவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். யாழ்ப்பாணத்தில் முதலில் எழுத்து, அதாவது விவாகப் பதிவு, முடியும். தாலி கட்டுவது ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, நல்ல நாள் பார்த்து. ஊராருக்குத் தாலி கட்டிய நாள்தான் கலியாண நாள். கனடாவுக்கோ விவாகப் பதிவுச் சான்றிதழில் உள்ள நாளே கலியாண நாள். ஒரு படிவத்தில் எழுத்து நாளையும் இன்னொன்றில் மண்டபத்து நாளையும் எழுதிவிட்டு, 'இரண்டும் எங்கள் கலியாணம்தானே' என்றால் அதிகாரிக்கு விளங்காது. எல்லாப் படிவத்திலும் பதிவு நாளை எழுதுங்கள். சடங்கு வேறு நாளில் நடந்ததை உறவு விவரங்கள் கேட்கும் படிவத்தில் தெளிவாகச் சொல்லுங்கள்.

இதைவிடப் பாரதூரமான ஒன்று உண்டு. பெற்றோரோடு சேர்ந்து பிள்ளையாகப் பி.ஆர். எடுக்கும் ஒருவர், விசா கைக்கு வருவதற்குள் ஊரில் ரகசியமாக எழுத்தை முடித்துவிடுகிறார். சொன்னால் தன் விசா போய்விடும் என்ற பயத்தில் 'திருமணமாகவில்லை' என்றே இறங்குகிறார். பிறகு ஸ்பொன்சர் செய்யும்போது சான்றிதழில் உள்ள தேதி காட்டிக்கொடுத்துவிடுகிறது. குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117(9)(ஈ) உட்பிரிவின்படி, ஸ்பொன்சர் செய்பவர் பி.ஆர். ஆனபோது சொல்லப்படாமல், பரிசோதிக்கப்படாமல் விடப்பட்ட குடும்ப உறுப்பினர், ஸ்பொன்சர் செய்யக்கூடிய உறவுகளுக்கான குடும்ப வகுப்பிலேயே சேரமாட்டார். உறவு உண்மையா என்ற கேள்விக்கே போகமாட்டார்கள். அதோடு ஸ்பொன்சர் செய்பவரின் சொந்த பி.ஆர்.உம் ஆட்டம் காணலாம். மனிதாபிமான அடிப்படையில் கேட்பது போன்ற வழிகள் உண்டு. ஆனால் அவை லோயரோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டியவை, மச்சானிடம் கேட்டு நிரப்ப வேண்டியவை அல்ல.

பிள்ளைகளுக்கும் இதே விதிதான். முதல் உறவில் பிறந்து, அப்பம்மாவோடு வளரும் பிள்ளையை 'அவன் வரப்போவதில்லையே' என்று விட்டுவிடுகிறார்கள். 22 வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் பெயர் எழுதப்பட வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் நடக்க வேண்டும்.

இன்னொன்று, மாப்பிள்ளை ஸ்காபரோவில் திரைக்கு முன்னால், பொம்பிளை கிளிநொச்சியில் என்று நடக்கும் கலியாணம். தொலைபேசியிலோ இணையத்திலோ, ஒருவருக்குப் பதில் இன்னொருவர் நின்றோ செய்த திருமணத்தை 2015 ஜூனிலிருந்து கனடா குடிவரவுக்கு ஏற்பதில்லை. இருவரும் நேரில் ஒரே இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

அகதியாக வந்தவர் ஊருக்குப் போய்க் கட்டலாமா?

இதைப் பலர் தெரியாமல் செய்கிறார்கள். அகதி அந்தஸ்துப் பெற்று பி.ஆர். ஆனவர், இன்னும் குடியுரிமை எடுக்காமல், இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு இலங்கைக்கே போய்க் கலியாணம் செய்கிறார். பயணத் தேதிகளையும் மண்டபத்துப் படங்களையும் ஸ்பொன்சர் விண்ணப்பத்தில் தானே கொண்டுபோய் வைக்கிறார். பயந்து ஓடிவந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி நாடினார் என்று சொல்லி அகதி அந்தஸ்தை நிறுத்தக் கேட்க அரசுக்கு அதுவே ஆதாரமாகிவிடலாம். 2012 டிசம்பருக்குப் பிறகு, அப்படி அந்தஸ்து நின்றால் பி.ஆர்.உம் சேர்ந்தே போகும். மனைவியைக் கூப்பிடப் போய்த் தன் இருப்பையே இழக்கும் நிலை. குடியுரிமை எடுத்தவருக்கு இந்த ஆபத்து இல்லை. எடுக்காதவர்கள் சென்னையிலோ திருச்சியிலோ மலேசியாவிலோ கலியாணத்தை வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் வைப்பதென்றாலும் பதிவு எப்படி என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் என்றால் 30 நாள் அறிவித்தல் இருக்கிறது. இரண்டு வார லீவில் போய் முடிக்க முடியாது. கோயிலில் கொடுத்த ரசீதை மட்டும் நம்பித் திரும்பி வரக் கூடாது. அரசு கொடுக்கும் பதிவுச் சான்றிதழ் வேண்டும்.

உறவின் கதையை எழுதும் படிவம்

ஐ.எம்.எம். 5532 என்ற படிவம்தான் இந்த விண்ணப்பத்தின் உயிர். எப்படிச் சந்தித்தீர்கள், யார் அறிமுகம் செய்தது, எத்தனை முறை நேரில் பார்த்தீர்கள், கலியாணத்துக்கு யார் வந்தார்கள் என்று நுணுக்கமாகக் கேட்கும். பேச்சுக்காலில் முடிந்த கலியாணம் என்றால் 'பெற்றோர் பேசி வைத்தார்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். யார் மூலம் சம்பந்தம் வந்தது, குறிப்புப் பொருத்தம் எப்போது பார்த்தது, முதன்முதல் போனில் பேசியது எப்போது, ஏன் இவரைப் பிடித்தது? இவற்றை நாளோடும் பெயரோடும் எழுத வேண்டும். பேசிச் செய்த கலியாணம் என்பது குறையே இல்லை. கதை இல்லாத கலியாணம்தான் சந்தேகத்தைக் கிளப்பும்.

வழக்கத்துக்கு மாறான எதையும் அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. பெண்ணுக்கு வயது கூட, ஒருவருக்கு இரண்டாம் கலியாணம், மாப்பிள்ளையின் பெற்றோர் வரவில்லை, பத்துப் பேரோடு முடித்தது, கலியாணம் முடிந்து ஐந்தாம் நாளே பிளேன் ஏறியது. இவற்றில் எதுவும் குற்றம் அல்ல. மௌனமாக விட்டால்தான் உறுத்தும். 2010க்குப் பிறகு விதி இன்னும் இறுகியிருக்கிறது: உறவு உண்மையானதல்ல என்றாலும் சரி, முக்கியமாகக் குடிவரவுக்காகவே செய்தது என்றாலும் சரி, இரண்டில் ஒன்றே மறுக்கப் போதும்.

ஆதாரத்தைக் கொட்டுவதும் ஒரு தவறு. விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய ஆவணங்களின் பட்டியலில் படங்களுக்கு 20 என்றும், உரையாடல் பக்கங்களுக்கு 10 என்றும் எல்லை இருக்கிறது. இருபதும் மணவறையில் எடுத்தவையாக இருந்தால் அது ஒரு நாளின் ஆதாரம் மட்டுமே. நிச்சயதார்த்தம், மாமியார் வீடு, அடுத்த வருடம் திரும்பிப் போன பயணம் என்று காலத்தைப் பரப்பிக் காட்டுங்கள். படத்தின் கீழ் நாள், இடம், நிற்பவர் யார் என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் உரையாடலில் 'சாப்பிட்டியா', 'ம்ம்' என்ற பக்கங்களை விட்டுவிட்டு, வீட்டு வாடகை, அம்மாவின் ஆபரேஷன், வரப்போகும் திகதி பற்றிப் பேசிய பக்கங்களை எடுங்கள். தமிழில் பேசியதற்கு மொழிபெயர்ப்பு வேண்டும். இது பலருக்குக் கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. அந்த மொழிபெயர்ப்பைத் தங்கச்சி செய்ய முடியாது. குடும்பத்தார் செய்ததை ஏற்கமாட்டார்கள்.

ஸ்பொன்சர் செய்பவர் ரொறன்ரோவில் இருந்து எல்லாவற்றையும் நிரப்பி, 'இதில கையெழுத்து வைத்து அனுப்பும்' என்று மனைவிக்கு அனுப்புவது இன்னொரு வழக்கம். நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் பதில் சொல்லப்போவது மனைவி. தன் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கு வரிக்கு வரி தெரிந்திருக்க வேண்டும்.

பத்து வருடமும், அதற்கு முந்தியதும்

பின்னணி விவரப் படிவம் கடந்த 10 வருடங்களை (அல்லது 18 வயதிலிருந்து) மாதக்கணக்கில் கேட்கிறது. வேலை இல்லாத மாதங்களை வெறுமையாக விடுவதுதான் இங்கே வழமையான தவறு. வீட்டில் இருந்தால் வீட்டில் இருந்தேன் என்று எழுதுங்கள். முகவரியிலும் இடைவெளி இருக்கக் கூடாது. படிப்புக்காக வாடகை அறையில் இருந்த எட்டு மாதமும் முகவரிதான்.

ஆனால் அதே படிவத்தில் உள்ள சில கேள்விகளுக்குக் கால எல்லை இல்லை. தடுப்பில் இருந்தீர்களா, ஆயுதப் போராட்டம் நடத்திய அமைப்போடு தொடர்பு இருந்ததா என்பவை. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இது வெறும் 'ஆம், இல்லை' கட்டம் அல்ல. விடுதலைப் புலிகளைக் கனடா 2006இல் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. கட்டாயத்தில் சேர்க்கப்பட்டவர், 2009க்குப் பின் புனர்வாழ்வு முகாமில் இருந்தவர், இயக்கத்தின் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கியவர் எல்லோரும் இந்தக் கேள்வியில் நின்று யோசிப்பார்கள். 'இல்லை' என்று எழுதிப் பின்னால் பிடிபடுவது மிக மோசமானது. 'ஆம்' என்று விளக்கமில்லாமல் எழுதுவதும் ஆபத்து. இந்தப் படிவத்தை அனுப்புவதற்கு முன் லோயருக்குச் செலவழிக்கும் காசு வீண் காசு அல்ல.

இதற்கு நேர்மாறாக, மறைக்கவே தேவையில்லாத ஒன்றைச் சிலர் மறைக்கிறார்கள்: நோய். சலரோகம், சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தால் விசா தரமாட்டார்கள் என்று பயம். வைத்தியச் செலவு அதிகமாகும் என்ற காரணத்துக்காக ஸ்பொன்சரில் வரும் கணவன் மனைவியை மறுக்க முடியாது; சட்டமே விலக்கு அளித்திருக்கிறது.

பெயர்

அப்பா பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்ற நம் வழக்கம் குடும்பப் பெயர்க் கட்டத்தில் வந்து முட்டிக்கொள்ளும். கடவுச்சீட்டில் எப்படியோ அப்படியே எழுதுங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் கடவுச்சீட்டில் காலியாக இருந்தால், உள்ள பெயர் முழுவதையும் குடும்பப் பெயருக்கான இடத்தில் எழுதி, மற்றதைக் காலியாக விட வேண்டும். பிறப்புச் சான்றிதழில் எழுத்துக்கூட்டல் வேறென்றால் அதை 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் சேருங்கள்.

உள்ளே இருந்தா, வெளியே இருந்தா?

மனைவி விசிட்டராக வந்து கனடாவில் கூட இருந்தால் உள்நாட்டு வகுப்பிலும் (கனடாவில் கூட வாழும் துணைக்கானது) போடலாம், வெளிநாட்டு முறையிலும் (குடும்ப வகுப்பு) போடலாம். வேலை அனுமதி உள்நாட்டு வகுப்பில் மட்டும்தான் கிடைக்கும் என்று பிழையாக நினைத்து அதைத் தேர்கிறார்கள். உள்நாட்டு வகுப்பில் மறுக்கப்பட்டால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது, பெடரல் நீதிமன்றம்தான். அம்மாவுக்குச் சுகமில்லை என்று இடையில் ஊருக்குப் போய்த் திரும்பி வர முடியாமல் போனால் விண்ணப்பமே விழும். வெளிநாட்டு முறையில் மறுத்தால் 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். நாள் பார்த்துக் கலியாணம் செய்கிற நாங்கள் இந்த ஒரு தெரிவை ஏனோ நின்று பார்ப்பதில்லை.

இதோடு சேர்ந்தது, ஸ்பொன்சர் செய்யக் கேட்கும் ஐ.எம்.எம். 1344 படிவத்தில் யாரும் கவனிக்காத ஒரு சின்னக் கட்டம். ஸ்பொன்சர் செய்யத் தகுதியில்லை என்று முடிவானால் விண்ணப்பத்தை மீளப் பெறுகிறீர்களா, தொடர்கிறீர்களா என்று கேட்கும். மீளப் பெற்றால் ஸ்பொன்சர் கட்டணம் தவிர மற்றது திரும்பி வரும், ஆனால் மேன்முறையீட்டு உரிமை போய்விடும். தொடர்ந்தால் காசு போகும், உரிமை நிற்கும்.

தகுதியையும் முதலிலேயே பாருங்கள். பி.ஆர். மட்டும் உள்ளவர் கனடாவில் வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் மனைவியோடு ஒரு வருடம் குடியிருந்துகொண்டு ஸ்பொன்சர் செய்ய முடியாது. குடியுரிமை உள்ளவர் திரும்பி வந்து குடியிருப்பேன் என்று காட்டினால் முடியும். ஊனமுற்றோர் உதவி அல்லாத சமூக உதவிப் பணம் எடுப்பவரும், முடிவுறாத வங்குரோத்தில் இருப்பவரும் செய்ய முடியாது. தானே கணவனோ மனைவியோ ஸ்பொன்சர் செய்து வந்தவர் என்றால், பி.ஆர். ஆகி 5 வருடம் முடியாமல் புதுத் துணையைக் கூப்பிட முடியாது.

அனுப்பும்போதும் அப்புறமும்

2022 முதல் விண்ணப்பம் இணையத்தில்தான். ஒரு கையெழுத்து இல்லாவிட்டாலும் முழுக் கோப்பும் திரும்பி வரும். வரிசையில் நின்ற மாதங்கள் கணக்கில் வராது. இப்போது வசிக்கும் நாட்டின் பொலிஸ் நற்சான்றிதழ் 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், ஆகவே அதை முதலில் எடுத்துவிட்டு மற்றதற்கு ஓடித் திரியாதீர்கள்.

காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தருபவர் உரிமம் பெற்ற லோயராகவோ, பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகராகவோ இருக்க வேண்டும். 'என் பெயரைப் போடாதீங்கோ' என்று சொல்பவரிடம் கோப்பைக் கொடுக்கக் கூடாது. அவர் எழுதிய பொய்க்குப் பொறுப்பு கையெழுத்து வைத்த உங்களுடையது. அவருடைய மின்னஞ்சலையே தொடர்புக்குக் கொடுத்துவிட்டால், அதிகாரி சந்தேகம் எழுப்பி விளக்கம் கேட்டு அனுப்பும் கடிதத்தின் கெடு உங்களுக்குத் தெரியாமலே முடிந்துவிடலாம்.

அனுப்பிய பிறகு வீடு மாறினாலும், குழந்தை பிறந்தாலும், பிரிந்துவிட்டாலும் இணையப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். விசா வந்த பிறகு, கனடாவில் இறங்குவதற்கு ஒரு வாரம் முன் பிறந்த குழந்தைக்கும் இது பொருந்தும். விமான நிலையத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று டிக்கெட் போடாதீர்கள்.